விழுந்தது எதிராளிக்கு

ஜெயித்தால் திறமை, தோற்றால் அதிர்ஷ்டம் என்பது அந்த வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட சட்டம். அட்டைப்பெட்டிப் பட்டறையில் வேலை பார்க்கும் சின்ன மருமகள், மிச்ச அட்டைகளை வெட்டி ஒட்டிச் சாயம் பூசி, கடையில் வாங்கிய பகடைகளைச் சேர்த்து ஓர் ஆட்டத்தை உண்டாக்கிக் கொண்டுவந்த நாளிலிருந்து அது அமலில் இருந்தது. அவள் புருஷன் ஜெயித்தால், "மூளை வேணும்டா, மூளை" என்று நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டுவான். அடுத்த ஆட்டத்திலேயே தோற்றால், "எனக்கு மட்டும் விழ மாட்டேங்குதே, இதெல்லாம் ஒரு ஆட்டமா?" என்று பகடையை முறைப்பான். அவன் அண்ணன் இன்னும் ஒரு படி மேல். தோற்றவுடன் பகடையைக் கழுவிக்கொண்டு வரச் சொல்வார், அதுவும் சோப்புப் போட்டு.

அண்ணனின் மனைவி, அதாவது சின்னவளின் ஓரகத்தி, இந்தக் கூத்து எதிலும் சேர மாட்டாள். பெரியவள் பேசாமல் உட்காருவாள், ஜெயிப்பாள், எழுந்துபோய் அடுப்பை அணைப்பாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. நரம்பைத் தேடிப் பிடித்துப் பழகிய கை, அதனால் பகடையைக்கூடக் கிள்ளி வைப்பதுபோலத்தான் போடுவாள். ஆட்டத்தை உண்டாக்கிய சின்னவளோ அனேகமாகத் தோற்பாள். சமைத்தவளுக்குப் பசிக்காது என்கிற மாதிரி ஏதோ ஒன்று என்று அவளே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

ஆட்டம் இதுதான். பலகையின் நடுவே ஓர் ஆறு. இந்தக் கரையில் உன் படகுகள், அந்தக் கரையில் என் படகுகள். தன் படகுகளை எல்லாம் முதலில் எதிர்க்கரை சேர்த்தவருக்கு வெற்றி. உன் முறை வந்தால் ஒரு பகடை போடலாம், இரண்டு போடலாம், மூன்றையும் அள்ளிப் போடலாம், உன் இஷ்டம். விழுகிற ஒவ்வோர் எண்ணுக்கும் ஏதாவது ஒரு படகை அத்தனை கட்டம் நகர்த்தலாம். இல்லையென்றால் அந்தப் பகடைக்குப் பதிலாக ஒரு பாறையைத் தூக்கி ஒரு படகின் மூக்குக்கு நேரே வைத்து வழியை மறிக்கலாம். பாறையை அகற்ற இன்னொரு பகடையைச் செலவழிக்க வேண்டும். கடைசியாக, எல்லாச் சண்டைக்கும் காரணமான ஒரு விதி உண்டு. மேஜையை விட்டுக் கீழே விழுந்த பகடை எதிராளிக்குச் சொந்தம். தரையில் அது என்ன காட்டுகிறதோ அதை அவர் எடுத்துக்கொள்வார். கையால் தொடக் கூடாது, குனிந்துதான் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருந்தது ஒரு குட்டி மேஜை. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், போகிறவர் வருகிறவர் இடுப்பையெல்லாம் இடித்துக்கொண்டு நிற்கும். பலகையை விரித்துவிட்டால் பகடை போட ஓரத்தில் ஒரு சாண் இடம்தான் மிச்சம். ஆசைப்பட்டு மூன்றையும் அள்ளிப் போட்டால் ஒன்றாவது உருண்டு ஓடும். அது எங்கே போய் நின்றது என்று பார்க்க எதிராளி குப்புற விழுவார், ஆறு என்று கத்துவார், ஆட்டமே திரும்பிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு முறை வந்து எல்லோரும் நலம்தானா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சின்னவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அதை ஆசை என்று சொன்னால் குறைவு, அது அவளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் வேலை கேக் பெட்டி செய்வது. தாள் எடுத்து, வெட்டி, மடிப்புக்கோடு அழுத்தி, மூலை மடித்து, அடுக்கி அனுப்புவாள். காலையில் அவள் கையில் இருந்த பெட்டி சாயங்காலம் யாரோ ஒருவர் வீட்டுக் குப்பைத்தொட்டியில் கிடக்கும். யாரும் பெட்டியை வைத்துக்கொள்வதில்லை. தான் செய்த ஒன்றை யாரோ முகம் தெரியாதவர்கள் அலமாரியில் பத்திரமாக வைக்க வேண்டும், எடுத்து விரித்து, அதற்காகச் சண்டை போட வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். இரண்டு கம்பெனிகளுக்கு அனுப்பினாள். இரண்டும் பிரிக்காமலேயே திரும்பி வந்தன. மூன்றாவது கம்பெனி, விளையாட்டுச் சாமான் செய்கிற பெரிய கம்பெனி, நேரில் வந்து ஆடிக் காட்டச் சொன்னது. இதுவும் கைவிட்டால் போய்த் தட்ட வேறு கதவு கிடையாது.

துணைக்குப் பெரியவள் லீவு போட்டுவிட்டு வந்தாள். "உன் புருஷன் வந்தான்னா அவனே ஆடி, அவனே தோத்து, அவனே கம்பெனிக்காரனோட சண்டை போட்டுட்டு வருவான். நான் வரேன்" என்றாள்.

கம்பெனியின் வரவேற்பறையில் கையில் பெட்டிகளோடும் பைகளோடும் ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. ஒருவர் மடியில் ரயில் தண்டவாளம் வைத்திருந்தார். இன்னொருவர் எதையோ சாவி முறுக்கிவிட, அது நாற்காலிக்கு அடியில் ஓடிப்போய் கத்திக்கொண்டே இருந்தது. பெயர் கூப்பிட்டார்கள். இருவரும் உள்ளே போனார்கள்.

மேனேஜர் ஆஜானுபாகுவான மனிதர். கழுத்தில் டை, வாயில் புதினா மிட்டாய், முகத்தில் யாரோ கடன் வாங்கிக்கொண்டு ஓடிப்போன களை. அவருக்கு முன்னால் ஒரு மேஜை கிடந்தது. அதை மேஜை என்று சொல்வது மரியாதைக்குத்தான். அதில் நாலு பேர் தாராளமாகப் படுத்துத் தூங்கலாம், ஒருவர் கால் இன்னொருவர் மேல் படாது.

"உட்காருங்க" என்றார். "முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எத்தனையோ வருஷமா இதே நாற்காலில உட்கார்ந்து ஆடிக்கிட்டு இருக்கேன். நல்ல ஆட்டத்துல ரெண்டும் இருக்கணும். முழுக்க அதிர்ஷ்டம்னா நாலு நாள்ல சலிச்சுப்போகும். முழுக்கத் திறமைன்னா தோத்தவன் மறுபடி பக்கத்துலயே வர மாட்டான். ரெண்டும் சரியாக் கலந்ததுக்குத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். விரிங்க."

விரித்தாள். விதிகளைச் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. விழுந்தது எதிராளிக்கு என்பதையும் சொன்னாள்.

மேனேஜர் மூன்று பகடையையும் எடுத்து அலட்சியமாக எறிந்தார். மூன்றும் அந்த மைதானத்தில் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு நடுவிலேயே நின்றுவிட்டன. அவர் நகர்த்தினார். சின்னவளும் மூன்றை எறிந்தாள். அவையும் நின்றன. அவர் மூன்று, இவள் மூன்று. ஒரு பகடைக்குக்கூட ஓரம் கண்ணில் படவில்லை. எதற்காக ஒருவர் ஒரே ஒரு பகடை போட வேண்டும்? போடவில்லை. அவருக்குப் பெரிய எண்ணாக விழுந்துகொண்டே இருந்தது, படகுகள் பஸ் பிடிக்கிற ஜனங்களைப்போல வரிசையாகக் கரை ஏறின. மேனேஜர் ஜெயித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"குலுக்கல்" என்றார்.

"சார்?"

"இது குலுக்கல்மா. சீட்டைக் குலுக்கி எடுக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? பெருசா விழுந்தவன் ஜெயிக்கிறான். நான் என்ன யோசிச்சேன்? ஒண்ணும் யோசிக்கல. ஜெயிச்சேன். நன்றி, பெட்டி மட்டும் ரொம்ப அழகா இருக்கு."

பெட்டி அழகாக இருக்கிறதாம்! சின்னவள் படகுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள். வீட்டில் அத்தனை கூச்சலும் கும்மாளமுமாக இருக்கிற ஆட்டம் இங்கே வந்து ஏன் செத்துக் கிடக்கிறது? அதே பலகை, அதே படகு, சோப்புப் போட்டுக் கழுவிய அதே பகடைதான். பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் பலகையைப் பார்க்கவில்லை. மேஜையின் ஓரத்தை, அது எங்கோ தொலைவில் இருந்ததால், கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, ஒண்ணுமே கீழ விழலையே?" என்றாள் பெரியவள்.

சின்னவளுக்கு மண்டையில் யாரோ ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதுபோல இருந்தது. ஆட்டத்தின் பாதி உயிர் அந்த உதவாக்கரைக் குட்டி மேஜையில் இருந்திருக்கிறது. பகடை, படகு, பாறை, விதி எல்லாவற்றையும் எழுதிக் கொண்டுவந்தவள், மேஜையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். ஒரு வீடு முழுக்க அதே மேஜையில் ஆடி ஆடி, மேஜையும் ஆட்டத்தில் சேர்த்தி என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. அழுகை வர வேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் பயம் போய்விட்டது.

"சார், சின்ன மேஜை ஒண்ணு கிடைக்குமா?"

"எதுக்கு?"

"இந்த மேஜை ரொம்ப நல்ல மேஜை சார். அதான் பிரச்சினை."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அறையில் குட்டி மேஜை இல்லை. ஸ்டூல்கூட இல்லை. சின்னவளின் கண் தன் பெட்டியிலேயே போய் நின்றது. கேக் பெட்டி செய்கிறவள் தன் ஆட்டத்துக்கு என்று செய்த பெட்டி அது. இரட்டை அட்டை, மூலைகளில் உள்மடிப்பு, மேலே ஏறி நின்றாலும் அமுங்காது. அதை மூடி, பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியின் மேல்பக்கம் மட்டமாக, வழவழவென்று, வீட்டு மேஜையில் மிஞ்சுகிற இடத்தைவிடக் கொஞ்சமே பெரிதாக இருந்தது.

"இனிமே இது மேலதான் பகடை போடணும் சார். பெட்டி மேல நின்னா நமக்கு. பெட்டியை விட்டு விழுந்தா எதிராளிக்கு. ஒரே ஒரு ஆட்டம் சார். ஒண்ணே ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணு" என்று மேனேஜர் இன்னொரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, பழைய பழக்கத்தில் மூன்றையும் அள்ளி எறிந்தார். ஒன்றுகூடப் பெட்டி மேல் நிற்கவில்லை. ஒன்று மேஜையில் விழுந்தது. ஒன்று தரையில் குதித்தது. இன்னொன்று குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது.

"எல்லாம் எனக்கு!" என்று சின்னவள் கத்தியேவிட்டாள். கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவள் அதற்குள் தரையில் கன்னத்தை வைத்து, "அஞ்சு! இங்க அஞ்சுடி!" என்றாள், ஆஸ்பத்திரியில் யாரும் கேட்டிராத ஒரு குரலில்.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நியாயமில்லையே" என்றார். ஆனால் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார்.

சின்னவள் ஒரே ஒரு பகடையை எடுத்தாள். பெரியவள் போடுவதுபோலக் கிள்ளி வைத்தாள். மூன்று. நகர்ந்தாள். அடுத்த முறை இரண்டு போட்டாள். அவர் மறுபடி மூன்று போட்டு, இரண்டைத் தாரை வார்த்தார். ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. மேனேஜரின் படகுகளில் பாதி இன்னும் கரையிலேயே கட்டிக் கிடந்தன.

"மறுபடி அடுக்குங்க" என்றார்.

அடுக்கினாள். இந்த முறை அவர் இரண்டு போட்டார். ஒன்று ஓரத்தில் தள்ளாடி நின்றது. அவர் மூச்சை அடக்கினார். அது நின்றே விட்டது. "ஹா!" என்றார். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு சின்னச் சத்தம் வந்தது. நடுவில் சின்னவளின் பகடை ஒன்று கீழே விழுந்தபோது, யாரும் சொல்லாமலே நாற்காலியைத் தள்ளிவிட்டு மேஜைக்கு அடியில் மண்டி போட்டார். அவர் பின்புறம் மட்டும் வெளியே தெரிய, உள்ளேயிருந்து, "நாலா, ஆறா, தெரியலையே, லைட் போடுங்க!" என்று குரல் வந்தது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்த ஆபீஸ் பெண் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஆட்டத்திலும் அவர் தோற்றார். ஒரே ஒரு படகு பாக்கி.

வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார். முகம் சிவந்து, உதடு கூம்பி, பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"நான் சொன்னதுதான் சரி" என்றார். "முழுக்க அதிர்ஷ்டம். உங்களுக்கு விழுது, எனக்கு விழல. இதுல திறமைன்னு ஒண்ணு மருந்துக்குக்கூடக் கிடையாது. திறமை இருந்திருந்தா நான் தோப்பேனா?"

உலகம் முழுக்க அதே சட்டம்தான் போலிருக்கிறது!

பெரியவள் சின்னவளின் காதுக்குள் குனிந்தாள். "விட்டுக் குடுத்துடு."

"என்னக்கா?"

"தோத்துடுடி! தோத்த கையோட எந்த மேனேஜர் கையெழுத்துப் போடுவான்? இவரைப் பாரு, எங்க ஆஸ்பத்திரிக்கு வர்ற பசங்க ஊசி போட்டப்புறம் இப்படித்தான் மூஞ்சிய வச்சுக்கும். ஒரு மிட்டாய் குடுத்தா சரியாகிடும். ஒரு ஆட்டம் குடு."

சின்னவள் யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, வீட்டில் தோற்றுத் தோற்றுக் கை தேர்ந்தவள்தானே! "சார், இன்னொரு ஆட்டம்?" என்றாள். அவள் வாயை மூடுவதற்குள் அவர் படகுகளை அடுக்கி முடித்திருந்தார்.

இப்போதுதான் கூத்து ஆரம்பித்தது.

சின்னவள் தோற்பதற்காக மூன்று பகடையையும் எடுத்துப் பலமாக எறிந்தாள். மூன்றும் பெட்டிமேல் விழுந்து, பசை போட்டு ஒட்டியதுபோல நின்றன. ஆறு, ஆறு, ஐந்து. அவள் வாழ்நாளில் அவளுக்கு அப்படி விழுந்ததே இல்லை. வேறு வழியின்றி நகர்த்தினாள். அடுத்த முறை இன்னும் பலமாக எறிந்தாள். ஒன்று பெட்டியை விட்டு மேஜைக்குத் தாவி, மேஜையில் கிடந்த பேனா ஸ்டாண்டில் மோதித் திரும்பி வந்து, ஒரு துள்ளுத் துள்ளிப் பெட்டிமேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

"இது செல்லுமா?" என்றார் மேனேஜர் வாயைப் பிளந்து.

"செல்லாது சார்! செல்லவே செல்லாது! விழுந்ததுதான், உங்களுக்குத்தான்!" என்றாள் அவசரமாக.

"இல்ல இல்ல, பெட்டி மேல நிக்குதே. விதின்னா விதி. உங்களுக்குத்தான்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். சின்னவளுக்கு அவரைக் கிள்ள வேண்டும்போல இருந்தது.

பகடையால் தோற்க முடியவில்லை என்றால் நகர்த்தித் தோற்க வேண்டியதுதான். முன்னால் போக வேண்டிய படகை விட்டுவிட்டுப் பின்னால் கிடந்ததை நகர்த்தினாள். பாறையை வைக்க வேண்டிய இடத்தில் வைக்காமல், அவர் படகே இல்லாத இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரியவள் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜரோ வேறு ஆளாகிவிட்டார். மிட்டாயை மறந்தார். கடிகாரத்தை மறந்தார். நெருக்கடியான நேரத்தில் ஒரே ஒரு பகடையை எடுத்து, விரல் நுனியில் பிடித்து, பெட்டியின் நடுவில் பூப்போல வைத்தார். அவள் முன்னேறியபோது தன் படகை நகர்த்தாமல் பாறையைத் தூக்கிச் சரியாக அவள் வழியில் வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார்.

இருந்தும் பகடைகள் சின்னவளைத் துரத்தித் துரத்தி உதவி செய்தன. நல்ல காலம் பிறந்தால் இப்படியா நேரம் கெட்ட நேரத்தில் பிறக்க வேண்டும்! கடைசியில் இருவருக்கும் ஒவ்வொரு படகுதான் பாக்கி. அவர் படகு கரைக்கு இரண்டு கட்டம் தள்ளி நின்றது. இவள் படகு நாலு கட்டம் தள்ளி நின்றது. முறை இவளுடையது.

ஒரே ஒரு பகடையை எடுத்தாள். 'ஒண்ணு விழு, ரெண்டு விழு, இல்லாட்டி கீழேயாவது விழு' என்று மனசுக்குள் கெஞ்சினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு வீசினாள். பகடை பெட்டியின் ஓரம் வரை ஓடியது. பாதி உடம்பு வெளியே தொங்க நின்றது. அறையில் மூன்று பேரும் மூச்சு விடவில்லை. பகடை கீழே விழவில்லை. நாலு காட்டியது.

நாலு கட்டத்தில் கரை. நகர்த்தினால் ஜெயித்துவிடுவாள். ஜெயித்தால் இந்த மனிதர் எழுந்து கதவைத் திறந்துவிட்டு, பெட்டி அழகாக இருக்கிறது என்பார். சின்னவளின் கை தானாகப் போயிற்று. ஒரு பாறையை எடுத்தாள். எடுத்து, வேறு இடம் எதுவும் தோன்றாமல், தன் படகின் மூக்குக்கு நேராகத் தானே வைத்தாள்.

"என்னம்மா பண்றீங்க!"

மேனேஜர் எழுந்து நின்றிருந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"நாலு விழுந்திருக்கு! நாலே கட்டத்துல கரை இருக்கு! உங்க படகுக்கு நீங்களே பாறை வைப்பீங்களா? எந்தப் பைத்தியமாவது இப்படி ஆடுமா? அப்பவே நினைச்சேன். பின்னாடி கிடக்கிற படகை எதுக்கு நகர்த்துனீங்க? ஆளே இல்லாத இடத்துல எதுக்குப் பாறை வச்சீங்க? நான் என்ன குழந்தையா? வேணும்னே தோக்கறீங்க!"

போச்சு, எல்லாம் போச்சு, பெரிய மனுஷனை அவமானப்படுத்தியாயிற்று. சின்னவள் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் கத்தியது ஒவ்வொன்றாக அவள் காதுக்குள் போய் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்க இறங்க, உள்ளங்காலிலிருந்து ஒரு குறுகுறுப்பு ஏறியது.

"சார், அது தப்பான ஆட்டமா சார்?"

"தப்பா? அதைவிடத் தப்பா ஒருத்தன் ஆட முடியாது!"

"அப்ப, வேணும்னே தோக்க முடியுது இல்ல சார்?"

"முடியுதான்னு என்னைக் கேக்கறீங்களா? என் கண்ணு முன்னாடிதானே பண்ணீங்க!"

"குலுக்கல்ல வேணும்னே தோக்க முடியுமா சார்?"

மேனேஜர் பதில் சொல்வதற்காக விரலை நீட்டினார். நீட்டிய விரல் நின்றது. பலகையைப் பார்த்தார். தான் வைத்த பாறைகளைப் பார்த்தார். அவள் வைத்த பாறையைப் பார்த்தார். விரலை மெதுவாக மடக்கிக்கொண்டார். ஜன்னல் பக்கமிருந்து பெரியவளின் சிரிப்பு வெடித்தது. அது நல்ல சத்தமான சிரிப்பு. அவள் அதை நிறுத்த முயலவும் இல்லை.

அவர் குனிந்து நாற்காலியை நிமிர்த்தினார். உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் ஓர் இருமல், அப்புறம் சந்தேகமே இல்லாமல் சிரிப்பு வந்தது. அவர் வயிறு மேஜையில் இடிக்க இடிக்கச் சிரித்தார்.

"எடுத்துக்கறோம்மா" என்றார். "பெட்டியோட சேர்த்து எடுத்துக்கறோம். பெட்டி மேலதான் பகடை போடணும்னு கொட்டை எழுத்துல எழுதணும். கையெழுத்து இன்னிக்கே போட்டுடலாம்."

பெரியவள் ஓடிவந்து சின்னவளின் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். அந்த இறுக்கலுக்குள்ளேயே சின்னவள் அழுதாள், சிரித்தாள், விக்கினாள். முகம் தெரியாத யாரோ ஒருவர் தன் ஆட்டத்துக்காக எழுந்து நின்று சண்டை போட்டுவிட்டார். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"அழறது அப்புறம்" என்றார் மேனேஜர். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குரலில் மறுபடி கண்டிப்பு வந்திருந்தது. "இந்த ஆட்டம் இன்னும் முடியல. பாதியில விட்டுட்டுப் போக முடியாது. எனக்கு யாரும் விட்டுக் குடுக்க வேண்டாம். அந்தப் பாறையை எடுங்க. எடுத்துட்டு ஒழுங்கா ஆடுங்க."

"ஒழுங்கான்னா, சார்..."

"ஒழுங்கான்னா ஒழுங்கா! உங்களுக்கு என்ன தோணுதோ அதை ஆடுங்க!"

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாறையை எடுத்து ஓரமாக வைத்தாள். படகின் மேல் ஒரு விரலை வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வாய்விட்டு எண்ணி, கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.